பீடத்துக்குப் போன நன்மைச் சட்டை

வீணாய்ப் போன பொருளில் பரிசு செய்து கொடுப்பதை இப்போது எல்லாரும் மெச்சுகிறார்கள். ஐம்பதைத் தொட்டும் தாண்டியும் நிற்கிற என் வயதுக்காரரே, உங்கள் பிள்ளைகளும், முந்திக்கொண்டவர்களின் பேரப்பிள்ளைகளும் செய்துகொண்டு வந்திருப்பார்கள். போத்தலில் பேனைக்கூடு. பழைய காற்சட்டையில் கைப்பை. பள்ளிக்கூட மண்டபத்தில் இருந்து நீங்களும் கைதட்டியிருப்பீர்கள். நானும் போன மாதம் தட்டினேன். தட்டிவிட்டு வீட்டுக்கு வந்து இரண்டு நாள் ஒருவரோடும் கதைக்கவில்லை. மகள் ஏனென்று கேட்டாள். அவளுக்குச் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்லலாம். நீங்கள் அந்தக் காலத்தைத் தாண்டி வந்தவர்கள். இடையில் நிறுத்தி, அப்படியும் நடக்குமா என்று கேட்கமாட்டீர்கள்.

ஊரின் பேரைச் சொல்லமாட்டேன். ஊர்காவற்றுறைத் தீவின் ஒரு கரை என்று வைத்துக்கொள்ளுங்கள். கடற்றொழில் செய்யும் கத்தோலிக்க வேதக்காரக் குடும்பங்கள், கடலைப் பார்த்தபடி ஒரு கோயில், பின்பக்கம் பனங்காணி. எனக்கு அப்போது பத்து வயது. அந்த வருடம் கடலை மூடியிருந்தார்கள். நேவிக் கப்பல் வெளியில் நின்றது, கரையைவிட்டுப் போன வள்ளங்களைச் சுட்டது. அவ்வளவுதான் மூடுவது. தகப்பனை நாங்கள் ஐயா என்போம். ஐயாவின் வள்ளம் பூவரசின் கீழே கவிழ்ந்து கிடந்தது. அதன் வயிற்றில் கோழிகள் முட்டையிட்டன. ஐயா முழங்கால் தண்ணீரில் நின்று வீச்சுவலை எறிந்து, திரளி நாலும் கிளி மீன் ரெண்டும் கொண்டுவருவார். மிச்ச நேரம் வள்ளத்தின் நிழலில் இருந்து ஒன்றும் செய்யாமல் கடலைப் பார்ப்பார். ஒன்றும் செய்யாமல் இருக்கப் பழகாத மனிதர். அதனால் அவருக்குக் கோபம் கூடிக்கொண்டே போனது.

அக்காவுக்குப் பத்தொன்பது. அவள் கை சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. அம்மாவின் சீதனத்தோடு வந்த, தைக்கிற கைமெசின் ஒன்று இருந்தது. அது சுற்றும்போது பல்லு விழுந்த கிழவி செபம் சொல்வதுபோலச் சத்தம் வரும். கடையில் ஒன்றும் இல்லாத காலம், இருந்தாலும் வாங்க ஏலாத காலம். ஆனால் பிறந்தநாள் வந்தது, கலியாணம் வந்தது, ஞானஸ்நானம் வந்தது. ஊரில் எந்த விசேஷம் என்றாலும் அக்காவிடம்தான் வந்து நின்றார்கள். பால்மா வந்த தகரப் பேணியில் ஆணியால் துளைபோட்டு வெளிச்சக்கூடு செய்வாள். ஏற்றினால் சுவர் முழுக்க நட்சத்திரம். ஆசுப்பத்திரியில் எறிந்த சேலைன் குழாயை வெந்நீரில் ஊறவிட்டுப் பின்னி மீன் செய்வாள். அறுந்த செருப்பு ரப்பரில் ஓடம். கிழிந்த குடைச்சீலையில் புத்தகப்பை. மாமிக்கு எக்ஸ்ரே படத்தை வெட்டி ஓரம் தைத்து ஒரு பெட்டி செய்துகொடுத்தாள். வெளிச்சத்தில் பிடித்தால் மூடியில் யாரோ ஒருவரின் விலா எலும்பு தெரியும். ஜேர்மனிக்குப் போன தன் மகனின் கடிதங்களை மாமி அதற்குள்தான் வைத்திருந்தாள். மாமி என்றால் ஐயாவின் தங்கை. அந்த மகனுக்குத்தான் அக்காவைப் பேசி முடித்திருந்தார்கள்.

எல்லாவற்றிலும் வடிவு மீன்செதில் பூ. பெரிய கொடுவா மீனின் செதிலைச் சாம்பலில் கழுவி, நிழலில் காயவிட்டு, ஒவ்வொன்றாக வளைத்து நூலால் கட்டுவாள். மல்லிகை மொட்டு என்று நினைத்து மணந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

வாங்கும்போது, "என்ன வடிவு பிள்ளை, உன்ர கையில மாதா இருக்கிறா" என்பார்கள். வாசற் படலையைத் தாண்டியதும், "குப்பை பொறுக்கி எண்டாலும் கெட்டிக்காரி" என்பார்கள். நான் படலையடியில் விளையாடுகிற பிள்ளை. இரண்டையும் கேட்டேன். அக்காவும் கேட்டிருப்பாள். அவள் அதைப்பற்றிக் கதைத்ததில்லை.

அந்த வைகாசியில் எனக்கு முதல் நன்மை, பூசையில் ஆண்டவரின் அப்பத்தை முதல் தடவையாக நாக்கில் வாங்குகிற நாள். ஏழு பெண்பிள்ளைகள். ஞானோபதேசம் படிப்பித்த சிஸ்டர் பத்துக் கட்டளையையும் தலைகீழாகச் சொல்லவைத்தார். எனக்கு அம்மாவின் கலியாணச் சேலையை வெட்டிச் சட்டை தைத்தாயிற்று. மற்றவர்களுக்கும் எப்படியோ சரிவந்தது. என் கூட்டாளிக்கு மட்டும் இல்லை. அவளுடைய தகப்பன் முந்திய வருடம் கடலுக்குப் போனவர். வள்ளம் மட்டும் ஓட்டைகளோடு கரைக்கு வந்தது. தாய் பாய் இழைத்துச் சீவித்தாள். வெள்ளைச் சட்டை இல்லாமல் நன்மை இல்லை என்று ஒருவரும் சொல்லவில்லை. ஆனால் தாய் பிள்ளையை ஞானோபதேசத்துக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டாள்.

நான் அழுதுகொண்டு வந்து அக்காவுக்குச் சொன்னேன்.

"சட்டைதானே? நான் தாறன் எண்டு போய்ச் சொல்லு. அழாதை."

முதலில் கோதுமை மாப் பையில் முயன்றாள். பையில் இருந்த நீல எழுத்தைக் கழுவக் கழுவ அது போகவில்லை. எலுமிச்சம்புளி போட்டாள், சுண்ணாம்பு போட்டாள். எழுத்து மங்கியதே தவிர அழியவில்லை. "நெஞ்சில மாக் கொம்பனியின்ர பேரோட நன்மை வாங்க ஏலுமோ?" என்று சிரித்தாள். அதுதான் அக்கா வாய்விட்டுச் சிரித்து நான் கேட்ட கடைசித் தடவை என்று நினைக்கிறேன். பிழையாகவும் இருக்கலாம்.

அந்தக் கிழமையில் ஒரு விடியற்காலை, பனங்காணிக்கு அடுப்பெரிக்கக் கங்குமட்டை பொறுக்கப் போன அக்கா ஓடிவந்து ஐயாவைக் கூட்டிப்போனாள். நானும் பின்னால் போனேன். இளம் பனை வடலி ஒன்றில் வெள்ளையாக ஒரு பெரிய துணி சிக்கிக் கிடந்தது. முந்திய இரவு, இருட்டில் ஊரைப் பார்க்க வானத்திலிருந்து வெளிச்சக் குண்டு போட்டிருந்தார்கள். அது மெல்ல இறங்குவதற்காகக் கட்டிவிடுகிற குடை அது. கீழே கருகின தகரக் குழாய் ஒன்று கிடந்தது. வெடி மருந்தின் நாற்றம். காற்று வந்தபோது துணி மூச்சு விடுவதுபோல எழும்பி விழுந்தது. அவ்வளவு வெள்ளையை நான் அதற்கு முன் கண்டதில்லை.

ஐயா நாலு பக்கமும் பார்த்தார். ஏறி அறுத்து இறக்கினார். "இப்பவே மண்ணுக்க தாட்டுப்போட வேணும்" என்றார்.

"ஏன் ஐயா? நல்ல துணி."

"உனக்கு விசரோ? அடுத்த ஊரில கொடிக் கயிறு கட்டின மனிசனுக்கு நடந்தது தெரியாதோ?"

எனக்கும் தெரியும். அந்த மனிதர் இப்படி விழுந்த குடையின் கயிற்றை எடுத்து உடுப்புக் காயப்போடக் கட்டியிருந்தார். ஊரைச் சுற்றிவளைத்துத் தேட வந்த நேவிக்காரர் கயிற்றைக் கண்டார்கள். ஆரிட்டை வாங்கினாய், ஆருக்கு ஒளிச்சு வைச்சாய் என்று கேட்டார்கள். கொண்டுபோனார்கள். திருப்பிக் கொண்டுவரவில்லை.

ஐயா தகரத்தையும் கயிறுகளையும் தாட்டார். துணியைப் புதைக்க அக்கா விடவில்லை. இரண்டு கையாலும் அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சட்டையாத் தைச்சாப்பிறகு இது சட்டைதானே ஐயா. ஆர் கேப்பினம்? அந்தப் பிள்ளையின்ர தேப்பனைச் சுட்டவங்கள் போட்ட துணி. அந்தப் பிள்ளைக்கே உதவட்டும்."

கயிறுகளைத் தாட்ட இடத்தை ஐயா காலால் மிதித்து இறுக்கினார். பிறகு என்னைப் பார்த்தார். "ஒருத்தருக்கும் மூச்சு விடக்கூடாது. சொன்னால் ஐயா இல்லை. விளங்குதோ?"

விளங்கியது. பத்து வயதுக்கு அது நன்றாக விளங்கும்.

நாலு நாள் கதவைச் சாத்திக்கொண்டு அக்கா தைத்தாள். நான் வாசற்படியில் இருந்து, யாராவது படலையைத் திறந்தால் மாதா பாட்டுப் பாடவேண்டும். பாட்டுக் கேட்டால் மெசின் நிற்கும். துணியைப் பிரித்து, தையல் ஓட்டைகளை நனைத்துத் தேய்த்து மறைத்தாள். ஒரு மூலையில் சுட்ட புள்ளி ஒன்று, புளியங்கொட்டை அளவு. அதைச் சுருக்குக்குள் மடித்தாள். ஏழு தண்ணீரில் அலசியும் மூக்கை வைத்தால் மருந்து மணந்தது. துணி கைக்குள் வழுக்கிக்கொண்டு போகும், ஊசி நிற்காது. முழங்கால் மூடுகிற சட்டை, நீளக் கை, முதுகுவரை விழுகிற முக்காடு. தலைக்கு மீன்செதில் பூவில் முடி. அதுதான் அக்கா செய்த பரிசுகளில் எல்லாம் பெரியது. கடைசியும் அதுதான்.

கூட்டாளியின் தாய் அதை வாங்கி உடனே ஒரு பாய்க்குள் சுருட்டிக்கொண்டாள். எங்கே எடுத்த துணி என்று கேட்கவில்லை. கேட்டால் கிடைக்காமல் போய்விடுமோ என்று பயந்திருப்பாள்.

நன்மை வாங்கின ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஆறு பேர் சேலை வெட்டின சட்டையில் நின்றோம். அவள் மேகத்தில் நின்றாள். சூரிய வெளிச்சம் யன்னலால் விழுந்தபோது கோயில் முழுக்க அவளைத்தான் பார்த்தது. பூசை முடிந்து முற்றத்துக்கு வந்ததும் கோயில் மூப்பரின் மனைவி வந்து அவளுடைய முக்காட்டை இரண்டு விரலால் பிடித்துத் தேய்த்துப் பார்த்தாள். மூப்பர் என்றால் கோயில் காரியங்களைப் பார்க்கிறவர். மனைவி மூப்பரையும் பார்க்கிறவள்.

"இது கடைத் துணியில்லையே. பட்டெல்லோ. எங்கால பிள்ளை?"

"அக்கா தந்தவ" என்று கூட்டாளி என்னைக் காட்டினாள். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

அதற்கு இரண்டு நாள் முன்னர்தான் கோயிலில் ஒரு தேடல் நடந்திருந்தது. பெருநாட்களில் மட்டும் விரிக்கிற பட்டுப் பீடத்துணி, பழைய காலத்து வெளிநாட்டுச் சுவாமி ஒருவர் கொண்டுவந்தது, அலுமாரிக்குள் இல்லை. சனிக்கிழமைகளில் பீடத்துணிகளைக் கழுவிக் கஞ்சி போட்டு மினுக்கிக் கொடுப்பது அக்கா. அலுமாரிப் பூட்டின் திறப்பு அவள் கைக்கும் வந்துபோவது எல்லாருக்கும் தெரியும். கூட்டிக் கழித்துப் பார்க்க ஊருக்கு ஒரு நிமிடம் போதுமாயிருந்தது. பீடத்துணிக்குத் தங்க நூல் கரை உண்டே என்று யாரோ சொன்னபோது, "கரையைக் கழட்டி எறிய எவ்வளவு நேரம்?" என்றாள் மூப்பரின் மனைவி.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் கோயில் குருவான சுவாமியார் தங்கும் அறைவீட்டுக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். சுவாமியார் வேறு தீவுக்குப் பூசைக்குப் போயிருந்தார். மூப்பர், மனைவி, ஞானோபதேச சிஸ்டர் மூன்று பேரும் கதிரைகளில். ஐயாவும் அக்காவும் நானும் நின்றோம். அம்மா வாசலோடு நின்றாள். மூப்பர் நேவி முகாமுக்குப் போய்க் கரைவலைக்கு அனுமதி கேட்டு வருகிறவர். பெரிய நோட்டில் ஊரில் நடப்பதை எல்லாம் எழுதி வைத்திருக்கிறார் என்று சனம் சொன்னது. மெய்யோ பொய்யோ தெரியாது. ஐயா அதை நம்பினார்.

"துணி எங்க எடுத்தனீ?" என்று மூப்பர் கேட்டார்.

"கிடைச்சது" என்றாள் அக்கா.

"எங்க கிடைச்சது?"

அக்கா ஐயாவைப் பார்த்தாள். ஐயா நிலத்தைப் பார்த்தார்.

"நான் கோயிற் துணி எடுக்கேல்லை."

"அப்ப ஆர் தந்தது எண்டு சொல்லன். வாய் இருக்குத்தானே?"

அக்கா சொல்லவில்லை.  அப்போது சிஸ்டர் என்னைக் கிட்டக் கூப்பிட்டார். நல்லவர். எங்கள் மேல் கோபப்பட்டதே இல்லை. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"நீர் ஞாயிற்றுக்கிழமைதான் ஆண்டவரை நாக்கில வாங்கினனீர். பொய் சொல்லமாட்டீர். அந்தத் துணி எங்கயிருந்து வந்தது?"

நான் ஐயாவைப் பார்க்கவில்லை. பார்க்காமலே அவர் மூச்சு நின்றது கேட்டது. கொடிக் கயிறு கட்டின மனிதர் மனதில் வந்தார். களவுக்கு ஏச்சு விழும், பனையில் எடுத்ததற்கு ஆள் இல்லாமல் போகும். இந்தக் கணக்கை எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. நானே போட்டேன். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். தெரியாது என்றால் இன்னும் கேட்பார்கள் என்று பயந்தேன். கேள்வி அதோடு முடியவேண்டும்.

"கோயிலிலயிருந்து" என்றேன்.

அம்மா வாசலில் "ஐயோ" என்றாள். அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். கோபம் இருந்தால் தாங்கியிருப்பேன். அது இருக்கவில்லை. ஏதோ ஒரு பாரத்தை இறக்கி வைக்க இடம் தேடினவள், இடமில்லை என்று கண்டுகொண்ட மாதிரி ஒரு பார்வை. பிறகு, "ஓம். நான்தான் எடுத்தனான்" என்றாள்.

வீட்டுக்குப் போகும் வழியில் ஐயா என் தலையைத் தடவினார். "நல்லாச் சொன்னாய், பிள்ளை" என்றார். அக்கா எங்களுக்கு நாலு அடி முன்னால் நடந்துகொண்டிருந்தாள். கேட்டிருக்கும்.

களவு செய்யாதே என்ற ஏழாம் கட்டளையை அக்கா மீறவில்லை. பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற எட்டாம் கட்டளையை மீறினது நான். நன்மை வாங்கி இரண்டாம் நாள். வீட்டில் எனக்கு முட்டாய் வாங்கித் தந்தார்கள்.

அன்றைக்கே மூப்பரின் மனைவி கூட்டாளியின் வீட்டுக்குப் போய்ச் சட்டையையும் முக்காட்டையும் வாங்கிப்போனாள். பிள்ளை அதை எடுத்துப் போட்டுக்கொண்டு கழற்றமாட்டேன் என்று அழுததாம். தாய் அடித்துக் கழற்றினாளாம். மறுநாள் அந்தத் தாய் எங்கள் படலைக்கு வந்தாள்.

"களவெடுத்த துணியிலயோ என்ர பிள்ளைக்கு நன்மை குடுத்தனீங்கள்? நாங்கள் கேட்டனாங்களோ?"

செதில் முடியைப் படலைக்கு மேலால் எறிந்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு என் கூட்டாளி என்னோடு கதைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் வாங்குப் பலகை மாறி இருந்தாள். இன்றுவரை எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது.

இனி நடந்ததைக் கவனமாகக் கேளுங்கள். கோயில் பெண்கள் அந்தச் சட்டையைப் பிரித்து, துண்டுகளை ஒட்டி, கரைக்கு மஞ்சள் நாடா வைத்துத் தைத்து, திரும்பவும் பீடத்துணி ஆக்கினார்கள். சுவாமியார் மந்திரித்தார். பெருநாளுக்கு விரித்தார்கள். வெளிச்சக் குண்டைத் தூக்கிவந்த துணியின் மேலே அப்பமும் இரசமும் வைத்துப் பூசை நடந்தது. நான் முதல் வரிசைப் பாயில் முழங்காலில் இருந்தேன். அக்கா சுருக்குக்குள் ஒளித்த சுட்ட புள்ளி இப்போது முன்பக்கம் தொங்கியது. குருவானவரின் முழங்காலுக்கு நேரே. அங்கே இருந்தவர்களில் அது என்னவென்று தெரிந்தவர்கள் நாங்கள் நாலு பேர். நாலு பேரும் தலையைக் குனிந்துகொண்டு இருந்தோம். பார்த்தவர்கள் வெட்கத்தில் குனிந்திருக்கிறார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

பரிசுகள் திரும்பி வரத் தொடங்கின. முதலில் மாமி. எக்ஸ்ரே பெட்டியைக் கொண்டுவந்து வள்ளத்தின் மேல் வைத்தாள். உள்ளே ஒரு கடிதமும் இல்லை.

"என்ர பிள்ளை அந்நிய தேசத்தில பனிக்குள்ள கிடந்து உழைக்கிறான், அண்ணை. கள்ளியை எப்பிடி அவனுக்குக் கட்டிவைக்கிறது?"

 கூடப்பிறந்தவளுக்குக்கூட ஐயா உண்மையைச் சொல்லவில்லை. பிறகு ஒவ்வொன்றாக வந்தது. சேலைன் மீன், புத்தகப்பை, ரப்பர் ஓடம். சிலர் கையில் தந்தார்கள். சிலர் வேலிக்கு மேலால் எறிந்தார்கள். வீட்டில் களவெடுத்த பொருளை வைத்திருந்தால் சாபம் என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். குப்பையில் எடுத்தவை எல்லாம் என்று அவர்களே சொன்னதை மறந்துபோனார்கள். அக்கா எல்லாவற்றையும் பொறுக்கிக் கிணற்றடியில் குவித்து நெருப்பு வைத்தாள். ரப்பர் எரிந்த கரும்புகை கோயில் பக்கம் போனது. செதில் பூக்கள் எரியும்போது மயிர் கருகின மணம் வந்தது.

ஆடி முடிவில் இந்தியாவோடு ஒப்பந்தம் வந்தது. சண்டை நின்றது என்றார்கள். நேவி முகாமுக்குள் அடங்கியது. சுற்றிவளைப்பு இல்லை. ஐயா வள்ளத்தை நிமிர்த்தி, கோழியைக் கலைத்துவிட்டுக் கடலுக்குப் போனார். அந்த நாட்களில் பனங்காணிகளில் கிடந்த வெளிச்சக் குண்டுத் தகரங்களைப் பொடியள் வெளிப்படையாக எடுத்துவந்து பூச்சாடி வைத்தார்கள். எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில் அப்படி ஒரு குடைத்துணியை யன்னலுக்குச் சீலையாகப் போட்டிருந்தார்கள். பயப்படுவதற்கு ஒன்றும் இல்லை. ஐயா அறைவீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அம்மா கேட்டாள். நான் குசினிக்குள் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"இப்பவெண்டாலும் போய்ச் சொல்லுங்கோவன். பிள்ளையின்ர வாழ்க்கையெல்லோ."

"சொன்னால் என்ன கேப்பாங்கள்? அப்ப சின்னவள் ஏன் அப்பிடிச் சொன்னவள் எண்டு கேப்பாங்கள். மூத்தவள் ஏன் ஓமெண்டவள் எண்டு கேப்பாங்கள். குடும்பமாப் பொய்யர் எண்டு வரும். ஒருத்தியோட போகட்டும்."

ஒருத்தியோடு போகட்டும். ஐயா அன்பில்லாத மனிதர் இல்லை. அதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. ஆனால் சொன்னார். இவ்வளவு வயதுக்குப் பிறகு யோசித்துப் பார்க்கிறேன். அறைவீட்டில் அவர் பேசாமல் நின்றது பயத்தில். அதை நான் என்றைக்கோ மன்னித்துவிட்டேன். பயம் போன பிறகும் பேசாமல் இருந்தார் பாருங்கள், அதற்கு என்ன பேர் வைப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

ஆவணியில் அக்காவை நெடுந்தீவுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். மனைவியை இழந்தவர், இரண்டு பிள்ளைகள், அக்காவைவிடப் பதினெட்டு வயது கூட. நல்ல மனிதர்தான், அதையும் சொல்லவேண்டும். ஊரில் எல்லாக் கலியாணத்துக்கும் பரிசு செய்து கொடுத்தவளின் கலியாணத்துக்கு ஒருவரும் ஒன்றும் கொண்டுவரவில்லை. கைமெசினைக் கொண்டுபோ என்று அம்மா சொன்னாள். வேண்டாம் என்றாள்.

அடுத்த வருடப் பெரிய வெள்ளிக்கு முதல்நாள், சிஸ்டர் பெண்பிள்ளைகளைக் கோயில் கூட்டக் கூப்பிட்டார். மரித்த ஆண்டவரின் சுரூபம் வருடத்தில் ஒரு நாள்தான் வெளியே வரும். மிச்ச நாளெல்லாம் நீளப் பெட்டிக்குள் இருக்கும். மூப்பரின் மனைவி பெட்டியைத் திறந்தாள். சுரூபத்தைச் சுற்றி வெள்ளைப் பட்டு. தங்க நூல் கரை.

 விளக்குமாறு என் கையில் இருந்தது.

"போன வருசம் நான்தானே சுத்தி வைச்சனான்" என்றாள் மூப்பரின் மனைவி மெதுவாக. "பழந்துணி எண்டு நினைச்செல்லோ..." பிறகு அவள் குரல் மாறியது. "சிஸ்டர், இதை இப்ப வெளியில விட்டால் கோயிலுக்குத்தான் அவமானம்."

சிஸ்டர் என்னைப் பார்த்தார். அந்த நல்ல மனுஷியின் முகம் சாம்பலாகிப் போயிருந்தது. நான் வாய் திறப்பதற்குள் கேட்டார்:

"நீர்தானே பிள்ளை சொன்னனீர், கோயிலிலயிருந்து எடுத்ததெண்டு?"

"ஓம் சிஸ்டர்."

"அப்ப ஆர் பொய் சொன்னது?"

நான்தான் என்றேன். வேறு என்ன சொல்வது? சிஸ்டர் பெருமூச்சு விட்டார். பாரம் இறங்கின பெருமூச்சு. பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியாருக்குச் சொல்லிவிடும் என்றார். பட்டை மடித்து அலுமாரியின் அடித்தட்டில் வைத்துப் பூட்டினார்கள். பீடத்தில் எங்கள் துணியே கிடந்தது. பதினொரு வயதில், பெரியவர்கள் மூன்று பேர் செய்த பிழை முழுவதையும் நான் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போனேன்.

ஐயாவுக்குச் சொன்னேன். பொத்திக்கொண்டிருந்த வலையின் கிழிசலைத் தைத்து முடித்தார். பிறகு, "நாளையிண்டைக்கு நெடுந்தீவுக்குப் போவம். நீ கொக்காவுக்குச் சொல்லு. அவள் மனம் ஆறட்டும்" என்றார். தானே சொல்வதாகச் சொல்லவில்லை.

சரவணை தாண்டி, புங்குடுதீவு தாண்டி, குறிகட்டுவானில் வள்ளம் ஏறினோம். இந்திய ஆமிக்காரன் எங்கள் பையைத் தடவிப் பார்த்து, பனங்கட்டியில் ஒன்றை எடுத்துக்கொண்டான். நெடுந்தீவில் இறங்கியதும் ஐயா, "நான் துறையில நிக்கிறன். நீ போய்க் கதைச்சுப்போட்டு வா" என்றார். அத்தான் என்னைச் சைக்கிளில் ஏற்றிப்போனார்.

முருகைக்கல் மதில்களுக்கு நடுவே ஒரு சிறிய வீடு. அக்கா தண்ணீர்க் குடத்தோடு வந்தாள். மெலிந்திருந்தாள். கை வெடித்திருந்தது. இரண்டு சின்னப் பிள்ளைகள் அவள் சட்டையைப் பிடித்துக்கொண்டு வந்தன. வீட்டுக்குள் கண்ணை ஓட்டினேன். செய்த பொருள் ஒன்றுகூட இல்லை. மூலையில் பால்மாப் பேணி ஒன்று வெறும் பேணியாகவே கிடந்தது.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டி, பட்டு, தங்கக் கரை, மூப்பரின் மனைவி, சிஸ்டர். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். நான் எதிர்பார்த்தது அழுகையை. அல்லது ஒரு ஏச்சை. அல்லது வந்து என்னைக் கட்டிப்பிடிப்பாள் என்று.

"துணி கிடைச்சதோ. நல்லது" என்றாள்.

"அக்கா, நான் அண்டைக்கு..."

"நீ சொன்னது சரிதான். ஐயா உயிரோட இருக்கிறார். நானும் உன்ர இடத்தில எண்டால் அப்பிடித்தான் சொல்லியிருப்பன். ஊர் கள்ளி எண்டது, மாமி விட்டிட்டுப் போனது, அதெல்லாம் எனக்கு விளங்கும். அவைக்குத் தெரியாது." அடுப்பை ஊதினாள். புகையில் கண்ணைத் துடைத்தாள். "உங்களுக்குத் தெரியும்தானே. மூண்டு மாசம் ஒரே வீட்டில இருந்தனான். கதவைச் சாத்திப்போட்டு, எங்கட வீட்டுக்க, ஆரும் கேக்காமல், ஒருக்காலெண்டாலும் ஆராவது எனக்கு வந்து 'நீ எடுக்கேல்லை, பிள்ளை' எண்டு சொன்னனீங்களோ? அம்மாகூடச் சொல்லேல்லை. எங்கட வீட்டு அலுமாரித் திறப்பை இடுப்பில கட்டிக்கொண்டு படுத்தா. போகப் போக எனக்கே சந்தேகமாப் போச்சு, நான் எடுத்தனானோ எண்டு."

நான் அப்போது சொல்லியிருக்கவேண்டும். நீ எடுக்கேல்லை அக்கா என்று. மூன்று சொல். அதைச் சொல்லத்தான் இரண்டு தீவு தாண்டி வந்திருந்தேன். வாய் வரவில்லை. அவள் அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள், நான் இப்போது சொன்னால் கேட்டு வாங்கினது மாதிரி இருக்கும் என்று பதினொரு வயது மூளை நினைத்தது.

"தேத்தண்ணியைக் குடி. வள்ளம் வெளிக்கிடப்போகுது" என்றாள்.

குடித்தேன். படலை வரை வந்தாள். சின்னது ஒன்று இடுப்பில் ஏறிக்கொண்டது. கை காட்டினாள்.

அதற்குப் பிறகு இரண்டு வருடத்தில் தீவுகளில் சனம் சிதறியது. அக்கா குடும்பம் படகில் இந்தியக் கரைக்குப் போய், அங்கே அகதி முகாமில் காய்ச்சலில் அவள் செத்துப்போனாள் என்று கடிதம் வந்தபோது நாங்கள் யாழ்ப்பாணத்தில் அடுத்தவர் வீட்டு விறாந்தையில் இருந்தோம். அவளுக்கு இருபத்தைந்து வயதுகூட ஆகவில்லை.

அன்றைக்கு நெடுந்தீவுத் துறையில் ஐயா நான் வருவதைக் கண்டதும் எழும்பி நின்றார். வள்ளத்தில் என்னைத் தூக்கி ஏற்றி, தன் பக்கத்தில் இருத்தினார்.  கரை சிறிதான பிறகு கடலைப் பார்த்தபடி கேட்டார்.

"சொன்னனியோ?"

"ஓம்."

"கொக்கா என்ன சொன்னவள்?"

"ஒண்டும் சொல்லேல்லை. தேத்தண்ணி தந்தவ."

ஐயா தலையை ஆட்டினார். முகம் தெளிந்தது. அவருக்கு அது போதுமாயிருந்தது.